எட்டாவதுல ஃபெயில் உண்டு

வேண்டாங்கக்கா, நீங்க எந்திரிக்காதீங்க. அவ அங்கயே உக்காந்து வரட்டும். பஸ்ஸுல ஏறினதும் நேரா போய் அந்தக் கைக்குழந்தைக்காரம்மா பக்கத்துல உக்காந்துட்டா. இங்க எடம் இருக்குது வாடீன்னேன். "அங்க காத்து வருது டீச்சர்"ன்னுட்டா. காத்து இங்கயும்தான் வருது. சரி, போகட்டும். ரெண்டு மணி நேரந்தானே.

என் பொண்ணுங்களா? இல்லீங்க. என்கிட்டப் படிச்ச புள்ளை. பேரு சௌந்தர்யா. திருப்பூர்ல அவ சின்னம்மா வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போறேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, ஒன்பதாவதுல சேக்கணும். பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போகாம டீச்சர் எதுக்கு வந்திருக்கான்னு நினைக்கிறீங்க. நினைச்சுட்டீங்க, மூஞ்சியில தெரியுது. சொல்றேன். சொல்லாம எனக்கும் இருப்புக் கொள்ளலை. விடியக்காலம் எந்திரிச்சது, இன்னும் ஒரு வாய் காப்பி ஒழுங்கா உள்ள எறங்கலை.

நான் கணக்கு டீச்சருங்க. அமுதவல்லின்னு பேரு. தென்னிலையில எறங்கி டவுன் பஸ்ல உள்ள எட்டு கிலோமீட்டர் போகணும் எங்க பள்ளிக்கூடத்துக்கு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. பதினாறு வருஷமா அதே இடம். எங்ககிட்ட எட்டாவதுதான் கடைசி. அதுக்கு மேல படிக்கணும்னா டி.சி. வாங்கிட்டு ஹைஸ்கூலுக்குப் போகணும். அதனால எட்டாவதுன்னாலே எனக்கு ஒரு பதைப்பு. ஏப்ரலோட கையை விட்டுப் போயிடுவாங்க பாருங்க. அதுக்குள்ள உள்ள ஏத்தறதை ஏத்திடணும். அப்புறம் ரோட்டுல பாத்தா வணக்கம் டீச்சர்னு சொல்லிட்டு சைக்கிளை மிதிச்சுட்டுப் போயிடுவாங்க.

ஜனவரி வரைக்கும் ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. பொங்கல் லீவுக்குப் போறது ஒரு புள்ளைங்க, திரும்பி வர்றது வேற புள்ளைங்க. பிப்ரவரியில போர்ஷன் முடிஞ்சுடும். அப்புறம் ரிவிஷன். ரிவிஷன்னு நான் சொல்லும்போதே அங்க ஒருத்தன் கொட்டாவி விடுவான். பங்குனியில மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டுட்டாங்கன்னா முடிஞ்சுது. எங்கயோ உருமிச் சத்தம் கேக்கும், இங்க பெஞ்சுக்கு அடியில முப்பத்தொரு ஜோடிக் காலும் ஆடும். முருங்கை சீசன் வேற. ரெண்டு நாள் தோட்டத்துல காய் பறிக்கப் போயிட்டு மூணாம் நாள் வரும் புள்ளைங்க, வந்து தூங்கும். ஃபேன் ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது. ஓடற ஃபேனுக்குக் கீழ உக்கார்றதுக்கு ஒரு சண்டை.

நான் சும்மா இருக்கற ஆள் இல்லீங்க. சும்மா இருந்தா எனக்குக் கையும் காலும் எரியும். நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிப் பாத்தேன். சரியா போட்டா நோட்டுல ஒரு நட்சத்திரம். நாலு நாள்ல பசங்க அதைப் பிச்சு நெத்தியில ஒட்டிக்கிட்டாங்க. பால் ஐஸ் வாங்கித் தர்றேன்னேன். ஐஸ்காரர் வண்டி வர்ற வரைக்கும் போட்டாங்க, வண்டி போனதும் பேனாவும் போயிருச்சு. அணி பிரிச்சு போட்டி வெச்சேன். போட்டி அடிதடியாகி ஒருத்தன் சட்டைப் பாக்கெட் கிழிஞ்சு அவன் அம்மா வந்து என்னைத் திட்டினாங்க. ஒவ்வொண்ணும் ஒரு வாரம். ஒரு வாரத்துக்கு மேல எதுவும் தாங்கலை.

அப்பத்தான் கபிலேஷ்னு ஒருத்தன், நல்லாப் படிக்கிற பையன்தான், எந்திரிச்சுக் கேட்டான். "டீச்சர், பரீட்சை எழுதாட்டியும் பாஸ்தானே? அப்புறம் எதுக்கு டீச்சர் இவ்வளவு?"

கிளாஸே சிரிச்சுது. மரியாதை இல்லாம இல்லீங்க, நிசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரலை. பதினாறு வருஷமா கணக்குச் சொல்லிக் குடுக்கறேன், அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் வரலை. "உக்காருடா"ன்னேன். உக்காந்துட்டான். ஆனா கேள்வி உக்காரலை. எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கறது இல்லீங்கல்ல, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவன் தம்பிக்கும் தெரியும்.

ஏங்க கண்டக்டர், காங்கேயம் தாண்டியாச்சுங்களா? இல்லையா. சரி சரி.

எங்க விட்டேன்? ஆங். அரையாண்டு லீவுல டிவில ஒரு செய்தி ஓடுச்சு, ஞாபகம் இருக்குங்களா? அஞ்சாவது, எட்டாவதுல இனிமே ஃபெயில் போடலாம்னு டில்லியில சட்டத்தை மாத்திட்டாங்கன்னு. நம்ம மாநிலத்துல அது கிடையாது, இங்க பழைய மாதிரிதான்னு கையோட அதையும் சொல்லிட்டாங்க. ரெண்டும் செய்திதானுங்க. ரெண்டும் நிசந்தான். நான் என்ன பண்ணினேன், முதல் செய்தியை மட்டும் கிளாஸ்ல சொன்னேன். ரெண்டாவதைச் சொல்லலை. அவ்வளவுதான். பொய்னு யாரும் சொல்ல முடியாது.

"சட்டம் மாறிப்போச்சு தெரியுமா? எட்டாவதுல ஃபெயில் உண்டு. நியூஸ் பாக்கறதே இல்லையா யாரும்?"ன்னேன்.

அந்த அமைதியை நீங்க கேட்டிருக்கணுங்க. உருமி அடிச்சுட்டுத்தான் இருந்தாங்க வெளிய, ஆனா ஒரு கால் ஆடலை. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

மறுநாள் காலைல எட்டு மணிக்கு நான் போறேன், கேட்டுக்கு வெளிய பதினஞ்சு புள்ளைங்க நிக்குது. எட்டு மணிக்கு! மத்தியானம் சோத்துத் தட்டைக் கழுவிட்டு விளையாடப் போகாம வர்க்க மூலம் போட்டாங்க. நான் கொண்டாட வேண்டாமா? ஸ்டிக்கரும் ஐஸும் பண்ணாததை ஒரு வாக்கியம் பண்ணிருச்சு.

எங்க ஹெச்.எம். குழந்தைசாமி சார் ரொம்ப அமைதியான மனுஷன். என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், அந்தச் சட்டம் நமக்கில்லையே."

"தெரியும் சார். ரெண்டு வாரம் போகட்டும்."

"கடைசியில சொல்லிருவீங்கல்ல?"

"சொல்லிடறேன் சார்."

அவரும் அதோட விட்டுட்டார். புள்ளைங்க படிக்கிற சத்தம் அவருக்கும் நல்லாத்தானே இருந்திருக்கும்.

அடுத்து ஒரு வேலை பண்ணினேன். கரும்பலகையில வலது பக்க மூலையில ஒரு கட்டம் போட்டு ஆறு புள்ளைங்க பேரை எழுதினேன். சிவப்புச் சாக்பீஸ்ல. இந்த ஆறு பேரும் இப்ப இருக்கற நிலைமையில தேற மாட்டாங்கன்னு. தினம் காலைல ஆறு பேரையும் எழுப்பி ஆளுக்கு ஒரு கணக்கு. மூணு நாள் தொடர்ந்து சரியாச் சொன்னா பேரை அவங்களே வந்து அழிச்சுக்கலாம். அழிக்கும்போது கிளாஸ் கை தட்டும். நல்லா இருக்குதுங்களா இல்லையா? அவமானப்படுத்தறதுக்கா பண்ணினேன்? அழிக்கற சந்தோஷத்துக்காகப் பண்ணினது.

அஞ்சு பேரு அழிச்சுட்டாங்க. சௌந்தர்யா பேரு மட்டும் நின்னுது.

அவளுக்குக் கணக்கு வராதுன்னு இல்லீங்க. நோட்டுல போடுவா. மெதுவாப் போடுவா, ஆனா போட்டுருவா. எழுப்பினாத்தான் வாய் வராது. நிப்பா. பாவாடை ஓரத்தை ரெண்டு விரல்ல சுருட்டிட்டே நிப்பா. நான் பொறுமையாத்தான் இருப்பேன். "சொல்லு, எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்காங்க"ன்னு சொல்லுவேன். முப்பது பேரும் திரும்பி அவளையே பாப்பாங்க. அப்பவும் வராது. ஒருத்தி பேரு மட்டும் தனியா நிக்குதே, அதைப் பாத்தாவது ஒரு வேகம் வரும்னு நினைச்சேன். வேற யாருக்காவது இருந்தா வந்திருக்கும். எனக்குன்னா வந்திருக்கும்.

பத்து நாள் ஆச்சு. சரி, வீட்டுல சொல்லி வெப்போம்னு அவ அப்பாவை வரச் சொன்னேன்.

நாட்ராயன்னு பேரு. முருங்கைத் தோட்டத்துல காய் பறிச்சுக் கட்டுக் கட்டற ஆளு. வந்தாரு, வாசலோட நின்னுட்டாரு. உள்ள வாங்கன்னாலும் வரலை. துண்டைக் கையில எடுத்துக்கிட்டாரு.

"என்னுங் டீச்சர், புள்ளை ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. படிப்புல வேகம் பத்தலை. இப்படியே போனா இவ தேற மாட்டா."

"தேறாதுங்களா?"

"இந்த வருஷம் எட்டாவதுல ஃபெயில் உண்டுங்க. முப்பது பேர் பாஸாகிப் போய், இவ ஒருத்தி மட்டும் இங்கயே நின்னா நல்லாவா இருக்கும்? வீட்டுல கொஞ்சம் சொல்லி வைங்க."

அவர் கரும்பலகையைப் பாத்தாரு. எழுத்துக் கூட்டிப் படிப்பாருன்னு நினைக்கிறேன், கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் உள்ள பெஞ்சுல இருந்த சௌந்தர்யாகிட்டக் கேட்டாரு, "பாப்பா, நிசமா?"

அவ ஆமான்னு தலையை ஆட்டினா.

"சரிங் டீச்சர். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"ன்னாரு. கும்பிட்டுட்டுப் போனாரு. பெத்தவங்கன்னா இப்படி இருக்கணும்னு நான் ஸ்டாஃப் ரூம்ல சொன்னேங்க. இப்பல்லாம் எந்தப் பெத்தவங்க டீச்சர் பேச்சைக் கேக்கறாங்க?

அது வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை அவ வரலை. காய்ச்சலா இருக்கும்னு விட்டுட்டேன். செவ்வாய், புதன். வியாழக்கிழமை ஒரு பொண்ணு வந்து சொல்லுச்சு, "டீச்சர், சௌந்தர்யா திருப்பூருக்குப் போயிட்டா. அவங்க சின்னம்மா வீட்டுக்கு. வேலைக்கு."

தண்ணி வெச்சிருக்கீங்களாக்கா? ஒரு மடக்குக் குடுங்க.

சாயங்காலம் மணியடிச்சதும் நாட்ராயன் வீட்டுக்குப் போனேன். கட்டில்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சு நின்னாரு. "அவ சின்னம்மா ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருந்தாளுங். கூடமாட ஒத்தாசைக்கு. நாந்தான், புள்ளை படிக்கட்டும்னு விட்டு வெச்சிருந்தேன். நீங்களே தேறாதுன்னுட்டீங்க. மறுக்கா ஒரு வருஷம் சின்னப் புள்ளைகளோட உக்காந்து என்னுங் டீச்சர் ஆகப் போகுது. ரெண்டு நாளா அழுதுட்டே கெடந்தா. அங்க போனா மனசு மாறும்னு அனுப்பிட்டேனுங்."

என் மேல கோபமே இல்லீங்க அவருக்கு. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாரு. மோர் குடுத்தாங்க அவ அம்மா.

அப்பச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு நாள்ல பரீட்சை. அவர்கிட்டச் சொன்னேன்னா இருட்டறதுக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சுடும். முப்பது புள்ளைங்களும் புத்தகத்தை மூடி வெச்சுடும். ஒருத்திக்காக முப்பதை விடறதா? நான் கணக்கு டீச்சருங்க, எனக்கு அப்படித்தான் தோணுச்சு. "பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வந்துருங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். "பாக்கலாமுங் டீச்சர்"ன்னாரு. கூட்டிட்டு வரலை.

முப்பது பேரும் எழுதினாங்க. எப்படி எழுதினாங்க தெரியுமா? பதினாறு வருஷத்துல நான் அப்படி ஒரு பேப்பர்க்கட்டைத் திருத்தினது இல்லை. ஒரு பையன் மட்டும் பரீட்சையன்னிக்குக் காலைல வாந்தி எடுத்துட்டான், ரெண்டு தரம். பழைய சோறு ஒத்துக்கலை. சோடா வாங்கிக் குடுத்து உக்கார வெச்சேன். அவனும் எழுபத்தெட்டு வாங்கினான்.

வட்டாரக் கூட்டத்துல என்னை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டாங்க. எப்படிம்மா பண்ணீங்கன்னு அதிகாரி கேட்டாரு. "விடாப்பிடியா ரிவிஷன் சார்"ன்னேன். கை தட்டினாங்க. குழந்தைசாமி சார் ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தாரு. அவரும் தட்டினாரு, ஆனா என்னைப் பாக்கலை.

டி.சி. வாங்க வந்தன்னிக்கு கபிலேஷ் கேட்டான்.

"எல்லாரும் பாஸா டீச்சர்?"

"எல்லாரும் பாஸ்."

"ஃபெயில் போடுவாங்கன்னீங்க?"

"எல்லாரும் நல்லாப் படிச்சீங்கல்ல, அதான் யாரும் ஃபெயில் இல்லை."

"சௌந்தர்யா?"

"அவளும் பாஸ்தான்."

"அவ பரீட்சையே எழுதலையே டீச்சர்."

"வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போடா"ன்னேன்.

அவன் போகாம கொஞ்ச நேரம் நின்னான். என்னையே பாத்தான். பதிமூணு வயசுப் பையன் அப்படிப் பாத்து நான் பாத்ததில்லை. "வர்றேன் டீச்சர்"னுகூடச் சொல்லாமப் போயிட்டான். முப்பது டி.சி. போயிருச்சு. ஒண்ணு பீரோவுல நின்னுது.

மே மாசம் எனக்கு எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. வீட்டுல ஒரு எடத்துல உக்கார முடியலை. மிளகாய் காயப் போடறேன், நெனப்பு வருது. எங்க வீட்டுக்காரர், "லீவுல என்ன உனக்கு, எதையோ தொலைச்சவ மாதிரி சுத்தறே"ன்னாரு. அவர்கிட்டச் சொல்லலை. நாட்ராயன்கிட்ட நம்பர் வாங்கி அந்தச் சின்னம்மாவுக்கு ரெண்டு தரம் போன் போட்டேன். "டீச்சர் பேசறாங்க வாடி"ன்னு அவங்க கூப்பிடற சத்தம் கேக்கும். அப்புறம், "குளிச்சுட்டிருக்காளுங்"பாங்க. ரெண்டு தரமும் குளிச்சுட்டிருந்தா.

நேத்து ஹெச்.எம். போன் பண்ணினாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "டீச்சர், நாளைக்கு ஞாயித்துக்கெழமை. பீரோ சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குது. அந்த டி.சி.யை நீங்களே கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துருங்க"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. காலைல மொத பஸ்ஸு. போற வழியில நாட்ராயன் வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன். "அவ வர்றேன்னா கூட்டிட்டு வாங்க டீச்சர், நான் ஒண்ணும் சொல்லலை"ன்னாரு.

திருப்பூர்ல சந்துக்குள்ள சந்து, அதுக்குள்ள ஒரு சந்து. ஒரே ரூம் வீடு. ரூம் பூரா பனியன் குவிஞ்சு கெடக்குது. கம்பெனியில தைச்சுக் குடுப்பாங்க, நூல் பிசிறை வெட்டி மடிச்சுக் குடுக்கணும். அந்தச் சின்னம்மா, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரு, நடுவுல இவ. சின்னக் கத்தரி ஒண்ணு விரல்ல மாட்டிக்கிட்டு என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தா. வாய் விட்டு. நான் வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் இது அவதானான்னு பாத்தேங்க. மூணு வருஷம் என் கிளாஸ்ல இருந்திருக்கா, அவ சிரிச்சு நான் கேட்டதே இல்லை.

என்னைப் பாத்ததும் விசுக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டா. மடியில இருந்த பனியன் எல்லாம் கீழ விழுந்துச்சு. நேரா, விறைப்பா, பாவாடை ஓரத்தை ரெண்டு விரல்ல சுருட்டிட்டு. எங்க போனாலும் டீச்சர்ங்கற மரியாதை போகலை பாருங்க அந்தப் புள்ளைக்கு. "உக்காரு கண்ணு"ன்னேன். நான் உக்கார்ற வரைக்கும் அவ உக்காரலை.

எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. சும்மா உக்காரவும் முடியலை. ஒரு கத்தரி கெடந்துச்சு, எடுத்து ஒரு பனியனைப் பிடிச்சு நானும் வெட்டினேன். நூலோட துணியையும் சேத்து வெட்டிட்டேன். சின்ன ஓட்டை. அந்தச் சின்னம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு, டீச்சர்ங்கறதால ஒண்ணும் சொல்லலை.

சௌந்தர்யாதான் பக்கத்துல நகந்து வந்தா. "பரவால்ல டீச்சர். மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். நான் ஏழு வெட்டினேன்"ன்னா. என் விரலைப் பிடிச்சு, "துணியை இழுக்காதீங்க, நூலை மட்டும் இழுங்க. அவசரமே இல்லை. யாரும் பாக்கலை"ன்னா. இன்னொண்ணு வெட்டினேன். சரியா வந்துச்சு. "வந்துருச்சு பாருங்க"ன்னா. அவ சொல்லிக் குடுத்த விதம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. டீச்சர் வேலைக்கு வரலாம் அந்தப் புள்ளை.

அப்பச் சொன்னேன். "சௌந்தர்யா, நீ பாஸ்."

"நான் பரீட்சை எழுதலையே டீச்சர்."

"எழுதாட்டியும் பாஸ்தான். எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ்தான்."

"ஃபெயில் போடுவாங்கன்னீங்க."

"டிவில சொன்னாங்க கண்ணு. நம்மூருக்கு இல்லைன்னும் சொன்னாங்க. நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன்."

ரூம்ல மூணு கத்தரிச் சத்தமும் நின்னு போச்சு. அவ யோசிச்சா. மெதுவாத்தான் யோசிப்பா.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"எங்கப்பா வந்தன்னிக்கும்?"

அதை ஏங்க அவ கேக்கணும்? வேற என்ன வேணாக் கேட்டிருக்கலாம். "தெரியும் சாமி"ன்னேன்.

அவ அழலை, கோபிச்சுக்கலை. ஒரு பனியனை எடுத்துப் பிசிறை வெட்டி மடிச்சு வெச்சா. இன்னொண்ணு எடுத்தா. அதையும் வெட்டி மடிச்சு வெச்சா. அந்த டி.சி.யை எடுத்து அவ முன்னாடி வெச்சேன். "நாளைக்கு ஸ்கூல் திறக்குது. நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்து விடறேன். அப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன், எல்லாத்தையும்"னு சொன்னேன். எல்லாத்தையுமா டீச்சர்னு கேட்டா. எல்லாத்தையும்னேன். அதுக்கும் அவ அசையலை. பக்கத்துல இருந்த பொம்பளை, "டீச்சரே வீடு தேடி வந்திருக்காங்க, போயேன் புள்ளை"ன்னாங்க. சின்னம்மாவும், "எனக்கு ஒத்தாசைதான், ஆனா நான் உன்னைப் பிடிச்சு வெக்கலை"ன்னாங்க. அசையலைங்க. நான் பேசறேன், பேசறேன், அரை மணி நேரம் பேசறேன். படிப்போட அருமை, பொம்பளைப் புள்ளைங்க எதிர்காலம், பதினொண்ணாவது போனா சைக்கிள் குடுப்பாங்க, எல்லாம் சொன்னேன். தரையைப் பாத்துட்டே இருந்தா.

கடைசியில தலையைத் தூக்கிக் கேட்டா. "ஒன்பதாவதுல கணக்கு யார் டீச்சர் எடுப்பாங்க?"

எனக்கு அவ்வளவு சந்தோஷங்க. பாருங்க, பனியன் குவியலுக்கு நடுவுலயும் பாடத்தைப் பத்திக் கேக்குதே! "ஜெயசீலி டீச்சர்னு ஒருத்தங்க"ன்னேன்.

"அவங்க எப்படி?"

நான் உள்ளதைச் சொன்னேன். இனிமே எதையும் மறைக்கக் கூடாதுன்னு தீர்மானம் பண்ணிட்டுத்தானே போனேன். "சுமாராத்தான் எடுப்பாங்க கண்ணு. போர்டுல போட்டுட்டே இருப்பாங்க. யாரையும் எழுப்பிக் கேள்வி கேக்க மாட்டாங்க. பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாங்க. ஆனா நீ பயப்படாதே, சந்தேகம்னா எங்கிட்ட வா, நான் இருக்கேன்"ன்னேன்.

"யாரையுமே எழுப்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நான் வர்றேன் டீச்சர்"ன்னா.

சொல்லிட்டு எந்திரிச்சவதாங்க. பத்தே நிமிஷத்துல துணியெல்லாம் ஒரு பைக்குள்ள அமுக்கி, தலை சீவி, சின்னம்மாகிட்டச் சொல்லிட்டு என்னை முந்திக்கிட்டு சந்துல நடக்கறா. அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன், அதுக்கெல்லாம் அசையாத புள்ளை. அந்த ஜெயசீலி டீச்சரைப் பத்தி நான் நல்லதா ஒரு வார்த்தை சொல்லலைங்க. குறையாத்தான் சொன்னேன். எழுப்பிக் கேக்க மாட்டாங்கன்னு, குறையாத்தான்...

என்னங்கக்கா அப்படிப் பாக்கறீங்க?

இல்லை, வேண்டாம். சொல்லாதீங்க. தெரியுது எனக்கு. அந்தச் சந்துல அவ பின்னாடி நடக்கும்போதே தெரிஞ்சு போச்சு. இன்னும் அவங்கப்பா முன்னாடி போய் நின்னு எல்லாத்தையும் என் வாயால சொல்லணும். அதுக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வேணும். நீங்க சொல்லாதீங்க.